குறுக்கே ஏறிய மரை

எங்கள் மூன்று பேரில் பயப்படுகிறவன் நான்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். மற்ற இருவரும் கடலுக்குள் குதித்த பிறகும், எவ்வளவு ஆழம் என்று கரையில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்களில் ஒருவன் நாசரேத் பக்கத்துக்காரன், போர்டிங்கில் தங்கிப் படித்தவன். பிளஸ் டூ முடித்ததும் ராணுவத்தில் டிரைவராகச் சேர்ந்தான். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிவிட்டு வந்து இப்போது சொந்த ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். இன்னொருவன் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகு எஞ்சின் மெக்கானிக். நான் ஏற்றுமதி ஏஜென்சி ஒன்றில் ஷிப்பிங் பில் தயாரிக்கிறவன். ஒரு எழுத்து தப்பினால் கண்டெய்னர் கப்பல் ஏறாது. பயப்படுவதற்கு எனக்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நாங்கள் மூன்று பேரும் பணம் போட்டு வாங்கிச் சரிசெய்த பழைய லாரியைக் கண்டுபிடித்தவன் ராணுவக்காரன். சாத்தான்குளம் தாண்டி ஒரு மரக்கடைக்குப் பின்னால் வேலிக்கருவைக்குள் கிடந்தது. ராணுவம் ஏலத்தில் விட்டு, பல கை மாறி, கடைசியில் மரத்தடி ஏற்றி ஓய்ந்துபோன வண்டி. மூக்கு நீண்டது. பக்கவாட்டில் பச்சைப் பெயிண்டுக்கு மேல் யாரோ மஞ்சள் அடித்து, அதுவும் உரிந்துபோய், சொறி பிடித்த மாட்டைப் போலிருந்தது.

"ஏலே, இதே மாடலத்தான் நான் மொதல்ல ஓட்டுனேன்" என்றான். ஸ்டியரிங்கைத் தொட்டுக்கொண்டே நின்றான். நானும் மெக்கானிக்கும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவன் அப்படிக் குரல் இறங்கிப் பேசி நாங்கள் கேட்டதில்லை.

முத்தையாபுரம் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே மெக்கானிக்குக்குத் தெரிந்தவர் ஒருவரின் உப்புக் கிட்டங்கி, அதாவது குடோன், சும்மா கிடந்தது. லாரியைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய் அங்கே விட்டோம். இரும்பு வண்டியைச் சரிசெய்ய அதைவிட மோசமான இடம் கிடையாது. உப்பு காலியாகிப் பல வருஷம் ஆகியும் சுவர்கள் ஈரம் கக்கின. ஞாயிற்றுக்கிழமை தேய்த்துப் பளபளப்பாக்கிய தகட்டில் அடுத்த ஞாயிற்றுக்கிழமை துரு பூத்திருக்கும். பழைய எஞ்சின் ஆயிலைத் துணியில் நனைத்து வண்டி முழுக்கத் தடவிவிட்டுப் போவோம். வாரம் முழுக்க ஆபீஸில் உட்கார்ந்து அந்தத் துருவை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இரண்டு வருஷம் போனது. எஞ்சினை மெக்கானிக் பார்த்துக்கொண்டான். படகு எஞ்சினையே பிரித்துப் போட்டு மாட்டுகிறவனுக்கு அது பெரிய காரியமாக இல்லை. கியர், கிளட்ச், பாடி வேலையெல்லாம் ராணுவக்காரன் செய்தான். பேப்பர் வேலை என்னுடையது. அதைத் தவிர தேய்ப்பது, கழுவுவது, டார்ச் பிடிப்பது. பயப்படுவதும்தான்.

அந்த லாரியின் சக்கரத்தில் டயரை ஒரு இரும்பு வளையம்தான் பிடித்து நிறுத்தும். காற்று அடிக்கும்போது அது சரியாக உட்காரவில்லையென்றால் தெறித்துவரும், ஆளையே கொன்றுவிடும் என்று எங்கேயோ படித்தேன். கம்பி வாங்கி வெல்டிங் வைத்து, சக்கரம் கொள்ளுமளவுக்குக் கூண்டு ஒன்று செய்தால்தான் காற்றடிக்க விடுவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கு ஒரு மாதம் ஆனது. ஆறு சக்கரத்திலும் ஒரு வளையம்கூட அசையவில்லை. மெக்கானிக் அதற்குக் கோழிக்கூடு என்று பேர் வைத்தான்.

ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு எஃப்.சி. எடுக்கப் போன அன்று இன்னும் மோசம். வரிசையில் நிற்கும்போது வண்டிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்தது. "நிறுத்து, நிறுத்து, ஒழுகுது!" என்று கத்தினேன். வெள்ளைச் சட்டையோடு ராணுவக்காரன் அடியில் நுழைந்தான். மெக்கானிக் மறுபக்கத்திலிருந்து நுழைந்தான். முன்னால் பின்னால் நின்ற லாரிக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். கடைசியில் பார்த்தால், கேபினில் வைத்திருந்த சாப்பாட்டுப் பையில் ரசப் பொட்டலம் உடைந்து தரை ஓட்டை வழியாக வடிந்திருக்கிறது.

"மக்கா, பிரேக் ஆயில்ல மல்லித்தழ கெடக்கு பாரு" என்றான் மெக்கானிக். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்து சிரித்தேன். அன்றைக்கு வண்டி எல்லாச் சோதனையிலும் தேறியது. பிரேக் போட்ட இடத்தில் நின்றது.

அதற்குப் பிறகுதான் ராணுவக்காரன் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னான். மே மாதக் கடைசியில் கல்யாணம். வீட்டிலிருந்து கோவிலுக்கு, சர்ச்சைத்தான் அங்கே கோவில் என்பார்கள், இரண்டு கிலோமீட்டர். மகளை இந்த லாரியில் தானே ஓட்டிக் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.

"அவ சம்மதிச்சாளா?" என்று கேட்டேன்.

"அவதாம்லே கேட்டா. நான் லீவுல வந்துட்டுப் போறப்பல்லாம், என்னையும் ஒங்க லாரில கூட்டிட்டுப் போங்கப்பான்னு அழுவா. அத நெனவு வச்சிருக்கா."

அந்த வழியில் ஒரு குளக்கரை உண்டு. கரையிலிருந்து ரோடு சரிந்து இறங்கி, வளைவில் கடைத்தெருவுக்குள் நுழையும். அவன் பேசப் பேச எனக்கு அந்த இறக்கம்தான் கண்ணில் நின்றது. சொல்லவில்லை. மல்லித்தழை ஞாபகத்துக்கு வந்தது.

ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்தது. படகெல்லாம் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதம்தான் மெக்கானிக்குக்குத் தலைக்கு மேல் வேலை. ராணுவக்காரனோ பத்திரிகை கொடுக்க ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தான். இந்தச் சமயத்தில் பிரேக் ஆயில் போகும் குழாய் ஒன்று துருப்பிடித்துக் கசிவதை நான் பார்த்தேன். உண்மையாகவே கசிந்தது. மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"புதுக் கொழா வளச்சு அங்கன பெஞ்சு மேல வச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் நட்டு, அவ்வளவுதான். நீயே மாட்டிரு. ஒனக்குத் தெரியாதா, இவ்வளவு நாள் பக்கத்துலயே இருந்து பாத்துருக்க."

அவன் அப்படிச் சொன்னதில் எனக்குச் சந்தோஷம்தான். இரண்டு வருஷத்தில் வண்டியின் உயிரான இடம் ஒன்றை என்னிடம் முதல்முறையாக விட்டிருக்கிறான்.

அந்த லாரியில் நான்கு பக்கத்துக்கும் பிரேக் ஆயில் ஒரே வழியில்தான் போகும். எங்கே பிய்த்துக்கொண்டாலும் மொத்தப் பிரேக்கும் போய்விடும். முன்பக்கம் வண்டியின் அடிச்சட்டத்தில் ஒரு பித்தளைத் துண்டு, கட்டைவிரல் அளவுதான். அதில் மூன்று குழாய்கள் வந்து சேரும். அதில் ஒன்றைத்தான் நான் மாட்ட வேண்டும். மல்லாந்து படுத்துக்கொண்டு நட்டை விரலால் திருகினேன். ஒரு சுற்றுகூடப் போகாமல் இறுகியது. கழற்றி நேராக வைத்துத் திரும்பத் திருகியிருக்க வேண்டும். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தோள் வலித்தது. பெயிண்ட் அடைத்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்பேனரைப் போட்டேன். நறுக்கென்று ஒரு சின்னச் சத்தம். அதற்குப் பிறகு சுலபமாகச் சுற்றியது. அந்தச் சுலபத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கழற்றிப் பார்த்தேன். நட்டின் திருகு மரை குறுக்கே ஏறி, பித்தளையைச் சீவியிருந்தது. உள்ளங்கையில் பொன் தூள் மாதிரி கொஞ்சம் விழுந்தது. பேன்ட்டில் துடைத்துவிட்டு, நட்டை மறுபடி மாட்டி, எவ்வளவு இறுகுமோ அவ்வளவு இறுக்கினேன். ஆயில் ஊற்றிக் காற்றை வெளியேற்றிவிட்டுப் பெடலை மிதித்தேன். கல் மாதிரி நின்றது. அடியில் போய்ப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை.

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பார்த்துவிட்டு, கசிந்தால் சொல்வோம் என்று நினைத்தேன். கசியவில்லை. ஆனால் இரண்டு நாள் கழிந்ததும், ஏன் இரண்டு நாளாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஐந்தாவது நாள் அது இன்னும் கனத்துவிட்டது. கோழிக்கூடு செய்யச் சொன்னபோதும் மல்லித்தழைக்காகக் கத்தியபோதும் வாய் எவ்வளவு லேசாகத் திறந்தது! அதெல்லாம் வேறு யாரோ செய்யப்போகும் தப்பு. இது என் கை செய்த தப்பு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைக்கை எடுத்துக்கொண்டு கிட்டங்கிக்குப் போவேன். வெயிலில் உப்புக் குவியல்களைப் பார்க்க முடியாமல் கண் கூசும். வண்டிக்கு அடியில் வெள்ளைப் பேப்பர் விரித்து வைத்திருந்தேன். அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பேன். சுத்தமாக இருக்கும். பெடலை மிதிப்பேன். மெல்லத்தான் மிதிப்பேன். ஓங்கி மிதிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஓங்கி மிதித்து அது போய்விட்டால் என்ன செய்வது? இங்கேயே போகட்டும் என்று நினைக்கிற அளவுக்கு அப்போது எனக்கு நேர்மை இருக்கவில்லை.

"என்னாச்சு ஒங்களுக்கு? சோத்த வச்சுட்டு செவத்தப் பாத்துட்டு இருக்கீங்க" என்று மனைவி கேட்டாள்.

"ஆபீஸ்ல கொஞ்சம் டென்ஷன்" என்றேன். முப்பது வருஷமாக அந்தப் பதிலுக்கு அவள் பழகியவள். அப்பளத்தை நகர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது, யாருக்கும் தெரியாமல் அந்தப் பித்தளைத் துண்டையே மாற்றிவிடலாம் என்று தோன்றியது. செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"இது அந்தக் காலத்து மரைல்லா அண்ணாச்சி. இப்ப இந்த அளவு வாரதில்ல. மதுரைல சொல்லி வச்சா தேடிப் பாப்பாங்க. ஒரு வாரம் ஆவும். எந்த வண்டிக்கு?"

"சும்மா, கேட்டேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கடை வாசலில் பைக் சாவியைத் தேடுகிறேன், கையில்தான் இருக்கிறது.

கல்யாணம் வியாழக்கிழமை. புதன் காலை லாரியை நாசரேத்துக்கு ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ராணுவக்காரன் மகளும் மனைவியும் டவுனில் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு, அப்படியே லாரியையும் பார்க்க வந்தார்கள். கிட்டங்கியில் நான் மட்டும் இருந்தேன். பட்டுச்சேலையோடு எப்படி ஏறுவது என்று பார்க்கத்தான் வந்திருந்தாள் அந்தப் பெண். நான் ஒரு ஸ்டூலைப் போட்டேன். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியைத் திருப்பித் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். சின்ன வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தால் ஊஞ்சலை விட்டு இறங்கமாட்டாள். இப்போது சென்னையில் வேலை பார்க்கிறாள். ஆனாலும் லாரியில் உட்கார்ந்த அந்த முகம் அதே முகம்தான்.

"மாமா, பிரேக்கெல்லாம் நல்லாப் பிடிக்குமா? அந்தக் கொளத்தங்கர எறக்கத்த நெனச்சுத்தான் அம்மா பயப்படுதாங்க" என்றாள்.

"பிடிக்கும்மா. எஃப்.சி.லயே பாத்துட்டாங்களே" என்றேன்.

என் வாயிலிருந்து அது எவ்வளவு சாதாரணமாக வந்தது என்பதை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. அவள் அம்மாவின் முகம் தெளிந்தது. "நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். நீங்கதான் எல்லாத்துக்கும் பயப்படுத ஆளாச்சே" என்று அந்த அம்மா சிரித்தார். அவர்களுடைய கார் உப்பளப் பாதையில் தூசியைக் கிளப்பிக்கொண்டு போன பிறகு, அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.  பத்து நாளாக நான் பேசாமல் மட்டும்தான் இருந்தேன் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். அது இப்போது இல்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு நான் போனபோது இருவரும் வந்துவிட்டார்கள். மெக்கானிக் வேலையை விட்டுவிட்டு வழியனுப்ப வந்திருந்தான். ராணுவக்காரன் வண்டி மூக்கில் மல்லிகைச் சரம் ஒன்றைக் கட்டியிருந்தான். டிரைவர் சீட்டில் ஏறி எஞ்சினை ஸ்டார்ட் செய்தான். ஒரே முறையில் பிடித்துக்கொண்டது. கிட்டங்கித் தகரமெல்லாம் அதிர்ந்தது. என்னைப் பார்த்து, ஏறு என்று கை காட்டினான்.

நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"வழிய விடுலே!"

"எடுக்காத. நிறுத்து."

"என்ன, இன்னைக்கும் ரசமா?" என்று மெக்கானிக் சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எஞ்சினும் நின்றது.

சொன்னேன். நட்டைக் கோணலாக ஏற்றியது, மரை சீவியது, கழற்றிப் பார்த்தது, மறுபடி மாட்டியது, எல்லாம் சொன்னேன்.  ராணுவக்காரன் சீட்டிலிருந்து இறங்காமல் கேட்டான்.

"எத்தன நாளாத் தெரியும்?"

"பதினோரு நாள்."

 மெக்கானிக் டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் நுழைந்தான். "வெளியப் பாத்தா நல்லாத்தான் இருக்கு. ஒரு மிதி மிதி" என்றான். ராணுவக்காரன் மிதித்தான். "இன்னும் ஓங்கி. ஆடு குறுக்க வந்தா எப்படி மிதிப்ப, அப்படி மிதி." இரண்டாவது முறையும் தாங்கியது. ஒரு நொடி, நான் வீணாகப் பயந்துவிட்டேனோ, இந்தத் தடவையும் அப்படியே ஆகிவிடக்கூடாதா என்று ஒரு ஆசை வந்தது. மூன்றாவது மிதிக்கு டக்கென்று ஒரு சத்தம். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. மெக்கானிக் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே ஊர்ந்து வந்தான். சட்டை முழுக்கப் பிரேக் ஆயில். கண்ணைக் கழுவ ஓடிப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். என் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டானே தவிர, என்னைப் பார்க்கவில்லை.

ராணுவக்காரன் இறங்கி வெளியே போய் உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து நான் பின்னால் போனேன்.

"ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் நிறுத்து நிறுத்துன்னு கத்துவ. நாங்களும் நிறுத்துனோம்" என்றான். திரும்பவில்லை. "சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அத மட்டும் சொல்லாம இருந்துருக்க. எம் பிள்ள ஏறுத வண்டிலே."

 அவன் மகளுக்குப் போன் செய்து, கார் ஏற்பாடு பண்ணச் சொன்னான். பஸ் ஏறித்தான் ஊருக்குப் போனான். மல்லிகைச் சரம் வண்டியிலேயே கிடந்தது.

கல்யாணத்துக்குப் போவதா வேண்டாமா என்று அன்று முழுக்கத் தவித்தேன். மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போகாம இருந்தா அதுவும் இன்னொரு பொய்தான்" என்று அவள் சேலையை எடுத்து வைத்தாள். போனோம். சர்ச்சில் பாமாலை பாடும்போது என்னால் வாய் திறக்க முடியவில்லை. மெக்கானிக் இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தான். மேடையில் பொண்ணு மாப்பிள்ளையோடு படம் எடுக்கப் போனபோது, அந்தப் பெண் என் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டாள்.

"மாமா, முந்தாநாள் என்கிட்ட பொய்தான சொன்னீங்க?"

"ஆமாம்மா."

 போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். "சரி, சாப்பிடாமப் போயிராதீங்க" என்றாள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியாது.

அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானும் கிட்டங்கிப் பக்கம் போகவில்லை. தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போன பிறகு ஒரு நாள் மெக்கானிக் போன் செய்தான். துறைமுகத்துப் பக்கம் லேத்துப் பட்டறையில் புதிதாக அந்தப் பித்தளைத் துண்டைக் கடைந்து வாங்கியிருக்கிறானாம். "டார்ச் பிடிக்க ஆளில்ல. வா" என்றான்.

ராணுவக்காரனும் வந்திருந்தான். என்னிடம் நேராகப் பேசவில்லை. "டார்ச்சக் கொஞ்சம் மேல பிடிக்கச் சொல்லு அவன்ட்ட" என்று மெக்கானிக்கிடம் சொன்னான். நான் மேலே பிடித்தேன். நட்டுகளை மெக்கானிக்கே மாட்டினான். ஒவ்வொன்றையும் விரலால் நான்கு சுற்று சுற்றிக் காட்டிவிட்டுத்தான் ஸ்பேனரை எடுத்தான். எனக்காகத்தான் காட்டினானோ, வழக்கமே அப்படித்தானோ தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பழைய மாதிரி ஆகிவிட்டோம் என்று சொல்லமாட்டேன். என்னிடம் பிரேக் வேலையை யாரும் கொடுப்பதில்லை. நானும் கேட்பதில்லை. ஆனால் ஆகஸ்டில் லாரியை நாசரேத்துக்குக் கொண்டுபோனபோது ராணுவக்காரன் என்னை முன்னால் உட்காரச் சொன்னான். கிளம்புவதற்கு முன் உப்பளப் பாதையில் பத்துத் தடவை ஓட்டி ஓட்டி நிறுத்திப் பார்த்தான். நான் கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆத்தூர்ப் பாலம் தாண்டினோம். வாழைத் தோட்டங்கள் ஆரம்பித்த இடத்தில் அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"தலையச் சாச்சுச் சாச்சுக் கேக்கியே, என்ன கேக்கு ஒனக்கு?"

"ஒண்ணுமில்ல."

"சொல்லுலே."

"பின்னால எடது பக்கம் ஏதோ தட்டுத மாதிரி இருக்கு."

அவன் வண்டியை ஓரம் கட்டினான். பின்னாலிருந்த மெக்கானிக் குதித்து இறங்கினான். மூன்று பேரும் சுற்றி வந்து பார்த்தோம். பின்கதவின் கொக்கி ஊசி ஒன்று கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. மெக்கானிக் அதைத் தட்டி உள்ளே ஏற்றினான். ராணுவக்காரன் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். பிறகு என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னான். இழுத்தேன். அசையவில்லை. ஏறி உட்கார்ந்தோம்.